காப்பாட்சியர் மாறிவிட்டார், சீசன் தொடங்கிவிட்டது: புதுச்சேரி அருங்காட்சியகங்களில் வழிகாட்ட வரும் புதியவர்களுக்கு

மழையும் கூட்டமும் சேர்ந்தே வரும் ஊர் புதுச்சேரி. அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். அதையொட்டியே வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்குவார்கள், பள்ளிக்கூடங்கள் சுற்றுலாவுக்குத் தேதி கேட்கும், நவம்பர் 1 விடுதலை நாள் வரும், சனி ஞாயிறானால் சென்னை வண்டியும் பெங்களூரு வண்டியும் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொள்ளும். இந்த நேரம் பார்த்து, உங்களைச் சேர்த்துக்கொண்ட காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகப் பொறுப்பாளர், மாற்றலாகிப் போயிருக்கலாம். கவுன்டரில் இருந்தவர் ஓய்வு பெற்றிருக்கலாம். பாரதி பூங்காவை ஒட்டிய புதுச்சேரி அருங்காட்சியகமோ, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடோ, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடோ, எங்கே நீங்கள் தன்னார்வலராக வழிகாட்ட நினைத்தாலும் இந்த நிலைமை ஒரு நாள் வரும்.

ஆட்கள் மாறும்போது பொருள்கள் அலமாரியிலேயே இருக்கும். அவற்றைப் பற்றிய பேச்சுதான் காணாமல் போகும், அல்லது வாய்க்கு வாய் திரிந்துபோகும். இந்த ஜன்னலில் சாரல் அடிக்கும், இந்தச் சிலை இன்ன ஊரிலிருந்து வந்தது, இந்த லேபிள் பழைய தகவல் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. யாரோ ஒருவர் மண்டையில் இருக்கும். அவர் போனால் அதுவும் போய்விடும். தன்னார்வலருக்கு மாற்றல் உத்தரவு வருவதில்லை என்பதால், அந்தப் பேச்சைப் பிடித்துவைக்கும் பொறுப்பு நம் பக்கம் வந்து சேர்கிறது. எனக்கு இதுதான் இந்த வேலையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் புதிய பொறுப்பாளரைப் பாருங்கள்

கூட்டம் ஏறுவதற்கு முன்னால், வேலை நாளில், காலையில் போங்கள். திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் முந்தின நாள் சேர்ந்த வேலை குவிந்திருக்கும். புதன், வியாழன் நல்லது. போனில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். ஒரு தாளில் உங்கள் பெயர், செல் நம்பர், வரக்கூடிய நாள்கள், பேசத் தெரிந்த மொழிகள், அவசரத்துக்கு வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்று எழுதிக் கையில் கொடுங்கள். புதிதாக வந்தவர் மேசையில் ஏற்கெனவே நூறு தாள் இருக்கும்; ஆனாலும் ஆள் முகத்தோடு வந்த தாள் தனியாக ஞாபகம் இருக்கும்.

"முன்னாடி இருந்த சார் இதுக்கெல்லாம் விடுவாரு" என்ற வாக்கியத்தை அந்த அறையில் சொல்லாதீர்கள். உண்மையாக இருந்தாலும் சொல்ல வேண்டாம். பழைய அனுமதி பழைய ஆளோடு போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புதிதாகக் கேளுங்கள். போட்டோ எடுக்கலாமா, ஃபிளாஷ் கூடாதா, வீடியோவுக்குத் தனி அனுமதியா? பள்ளிக் குழு வந்தால் எழுத்தில் கடிதம் வேண்டுமா? சக்கர நாற்காலியில் வருகிறவரை எந்த வாசல் வழியாக அழைத்துப் போவது? யாராவது மயங்கி விழுந்தால் முதலில் யாரிடம் சொல்வது? சாவி யாரிடம் இருக்கும்? இவற்றுக்குப் பதில் வாங்கிக்கொண்டால் சீசனில் வரும் சிக்கலில் பாதி வராது.

உங்களுக்குத் தெரிந்ததை அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் காத்திருங்கள். வந்த வாரத்திலேயே பத்துப் பேர் பத்து ஆலோசனை சொன்னால் எந்த மனிதரும் காதை மூடிக்கொள்வார். ஒன்றை மட்டும் கேட்காமலே சொல்லலாம். பொருளுக்கு ஆபத்து இருக்கிறது என்றால், உதாரணமாக வெண்கலச் சிலையில் புதிதாக வெளிறிய பச்சைத் தூள் தெரிகிறது, மர நாற்காலியின் காலடியில் செல் அரித்த தூள் உதிர்ந்திருக்கிறது என்றால், அன்றைக்கே சொல்லுங்கள். நீங்களே துடைக்கப் போகாதீர்கள்.

வாட்ச்மேன் அண்ணன், பெருக்கும் அக்கா

பொறுப்பாளர் மாறினாலும் இவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்கள். கட்டடத்தை இவர்கள் அறிந்த அளவு வேறு யாரும் அறிய மாட்டார்கள். திறப்பதற்கு முன் கொஞ்சம் சீக்கிரமாகப் போய், பெருக்குகிற அக்காவோடு கூடம் கூடமாக நடந்து பாருங்கள். எனக்கு ஓர் அக்கா சொன்னது இது: "மழ பேஞ்சா அந்த மூலை ஜன்னல் பக்கம் பசங்கள நிக்க வெக்காதீங்க சார். தண்ணி வரும்னு இல்ல, தர ஒரு மாதிரி வேர்த்துடும். போன வருஷம் ஒரு டீச்சரம்மா வழுக்கி வுழுந்தாங்க." எந்தக் கையேட்டிலும் இது கிடையாது.

அதே நடையில் வேறொன்றையும் கவனியுங்கள். புதிய பொறுப்பாளர் வந்ததும் சில பொருள்கள் இடம் மாறும், சில பராமரிப்புக்கு உள்ளே போகும். குழுவை அழைத்துப் போய் நின்று "இதோ பாருங்கள்" என்று கை காட்டும்போது அங்கே வெறும் பீடம் இருந்தால், அந்தக் குழு அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை அரைக் காதால்தான் கேட்கும். கை காட்டும் ஒவ்வொரு பொருளும் அன்று காலை அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

நோட்டுப் புத்தகம்

இதைத்தான் நீங்கள் மிகுந்த அக்கறையோடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். நீளமான நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் மூன்று பகுதி: லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள், இங்கே வேலை பார்க்கிறவர்களும் ஊர்க்காரர்களும் என்ன சொல்கிறார்கள். மூன்றையும் கலக்காதீர்கள். வழிகாட்டும்போதும் எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பேச வேண்டும்.

அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ஊருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் இருக்கும் இந்தப் பழங்காலத் துறைமுக இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ஆற்றங்கரையில் தெரிந்த பழைய சிதைவுகளைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து கிளம்பி வந்தவர். 1761இல் அது நிகழ்ந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் இறங்க முடியவில்லை. நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து கணக்கு எடுக்கவும் முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காகப் பிரான்சுக்குத் திரும்பாமல் காத்திருந்து, 1769 ஜூனில் இங்கே தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். அன்று பார்த்து மேகம் மூடிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கூடம் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பானை ஓடுகளுக்குப் போகலாம்.

1937இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அரிக்கமேட்டில் கிடைத்த, மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லைப் பார்த்து, அது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்றார். பிறகு 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் அரிக்கமேட்டுப் பானை ஓட்டைப் பார்த்தார். இத்தாலிப் பக்கத்தில் மது ஏற்றி அனுப்பும் இரட்டைக் கைப்பிடி ஆம்போராச் சாடியின் துண்டு அது என்று அவருக்கு உடனே பிடிபட்டது. அந்த ஓடு ஏற்கெனவே அலமாரியில்தான் இருந்தது. அது என்னவென்று தெரிந்த கண் வந்த பிறகுதான் 1945இல் பெரிய அகழாய்வே நடந்தது. அருங்காட்சியகத்தில் ஆள் மாறும்போதெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது. பழைய ஆள் போனால் ஒன்று தொலையலாம். புதிய ஆள் வந்தால் ஒன்று கிடைக்கவும் செய்யலாம்.

இப்போது உங்கள் நோட்டின் இரண்டாம் பகுதிக்கு வாருங்கள். ரோமானிய வணிகத்தால்தான் இந்த ஊரே எழுந்தது என்பதுபோல வீலர் எழுதினார். 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி தலைமையில் மறுபடி அகழாய்வு நடந்தது. ரோமானியச் சாடிகள் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள், மணி செய்தார்கள், கடல் வணிகம் பார்த்தார்கள், ரோமானிய வணிகம் தணிந்த பிறகும் இடம் முற்றிலும் கைவிடப்படவில்லை என்ற பார்வை அதிலிருந்துதான் உறுதிப்பட்டது. உட்புறத்தில் சின்னச் சின்னக் கீறல்களால் வளையம் வளையமாக அழகு செய்த ரௌலட்டட் தட்டுகளை வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார். களிமண்ணைப் பரிசோதித்த பிற்கால ஆய்வுகள் அவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று காட்டின. தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகளும் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. ஆகவே "ரோமானியர்கள் கட்டிய ஊர்" என்று யாராவது, நூலிலோ லேபிளிலோ நேரிலோ, சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள். "இங்கே இருந்தவர்கள் ரோமானிய உலகத்தோடு வாணிபம் செய்தார்கள்" என்று சொல்லுங்கள். சொந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

"டூப்ளே படுத்த கட்டில் இதுதானா?"

அருங்காட்சியகத்திலுள்ள கட்டிலைக் காட்டி இந்தக் கேள்வி ஒவ்வொரு சீசனிலும் வரும். டூப்ளே 1742 முதல் 1754 வரை இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தார். அவர் திரும்பிப் போய் ஏழு ஆண்டுக்குள், 1761இல், ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தள்ளினார்கள். இதைச் சொல்லிவிட்டு, "டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டில்" என்று சொல்லுங்கள். "சொல்லப்படும்" என்ற அந்த ஒரு சொல்லை விழுங்க வேண்டாம். பார்க்க வந்தவர் ஏமாற மாட்டார். இன்னும் கிட்ட வந்து பார்ப்பார்.

கடலூரிலிருந்து வரும் பள்ளிக் குழுவென்றால் இதோடு அவர்கள் ஊரையும் சேருங்கள். தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. மூன்றாண்டு கழித்துப் புதுச்சேரி இடிபட்டது அதற்குப் பதிலடி. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகாத கடலூர்ப் பிள்ளை இருக்காது. அந்த ஒரு வரியில் இரண்டு ஊர் வரலாறும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். காலத்தை இன்னும் நெருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 தொடங்கி 1761 வரை, இந்த ஊரில் நடந்ததை ஊர்த் தமிழிலேயே எழுதிவைத்தவர். டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கிடைத்த விடுதலை பற்றியும் கேட்பார்கள். "நமக்கு 1947 இல்லையா?" என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். புதுச்சேரியை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்தத் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் ஓயாமல் தேவைப்படும்.

சீசனுக்குத் தகுந்தபடி மாறுவது

மழைக்காலத்தில் வாசல்தான் முக்கியமான இடம். குடைகளை வைக்க வராந்தாவிலேயே வாளியோ டிரம்மோ இருக்கிறதா, மிதியடிக்குக் கோணி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் குடையோடு கூடத்துக்குள் யாரையும் விடாதீர்கள். மின்சாரம் போனால் குழுவை அப்படியே நிறுத்துங்கள். இருட்டில் நகரும்போதுதான் கை கண்ணாடியில் படும், கால் பீடத்தில் இடிக்கும். புயல் அறிவிப்பு வந்தால் முந்தின நாளே பொறுப்பாளரிடம் பேசி, வரவிருக்கும் பள்ளிகளுக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2011இல் தானே புயல் டிசம்பர் 30 அன்றுதான் கரை கடந்தது, புத்தாண்டுக் கூட்டத்துக்கு நடுவில். 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30. கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாள்களே புயலுக்கும் உரிய நாள்கள் என்பதை இந்தக் கடற்கரையில் மறக்கக் கூடாது.

பள்ளிக் குழுவை உள்ளே விடும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள், பைகளை வெளியே வைக்கச் சொல்லுங்கள், இருபது இருபது பேராகப் பிரியுங்கள். ஆசிரியர் ஒருவர் வரிசையின் கடைசியில் வரட்டும். கூடத்துக்கு மூன்று பொருளுக்கு மேல் விளக்க வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு அரிக்கமேட்டு மணி, வெண்கலச் சிலை, புஷ்-புஷ் வண்டி போதும். அந்த வண்டியை மனிதர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவார், முன்னால் ஒருவர் சொகுசாக உட்கார்ந்திருப்பார் என்று சொன்னால், "தள்ளுறவருக்கு எவ்ளோ குடுப்பாங்க?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி அது. அங்கிருந்து காலனி ஆட்சியைப் பற்றிப் பேச்சை வளர்க்கலாம்.

தொடாதே என்று அதட்டுவதைவிடக் காரணம் சொல்வது வேலை செய்கிறது. "கை வேர்வையில உப்பு இருக்கு. கடல் காத்துலயும் உப்பு. வெண்கலத்துக்கு உப்புதான் எதிரி. காத்தை நம்மால நிறுத்த முடியாது, கையை நிறுத்தலாம் இல்ல?" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் தாங்களே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

சோழர் கால வெண்கலத்தின் முன் பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். கும்பிடட்டும். அந்த நிமிடம் நீங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். பூ, குங்குமம், காசு வைக்க வந்தால் மட்டும் தடுங்கள். "அம்மா, சாமிக்கு மேலே எண்ணெயோ குங்குமமோ பட்டா கெட்டுப்போகும், கையெடுத்துக் கும்பிட்டாப் போதும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. புதிதாக வந்த காவலர் ஒருவர் இதைத் தெரியாமல் அவர்களை அதட்டினால், அவரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பார்வையாளர் முன்னால் வேண்டாம்.

பிரெஞ்சுப் பயணிகள் குளிர்கால மாதங்களில் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு: சொல்தா குடும்பங்களின், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிரான்சில் பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டி தமிழில் கேட்பார், பேரன் பிரெஞ்சில் கேட்பான். பாட்டியிடம் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். அவரே பேரனுக்குச் சொல்லட்டும். அது உங்கள் மொழிபெயர்ப்பைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும், அவருக்கும் பெருமை. பிரெஞ்சு தெரியாவிட்டால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம். தெரிந்த தன்னார்வலர் எந்த நாளில் வருவார் என்று சொல்லுங்கள்.

பார்த்து முடித்துப் போகிறவர்கள் பணம் நீட்டினால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். எந்தக் கடைக்கும் எந்த உணவகத்துக்கும் அழைத்துப் போகாதீர்கள். ஆள் மாறியிருக்கும் நேரத்தில் இதில் ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தாலும் எல்லாத் தன்னார்வலர்களுக்கும் கதவு மூடிவிடும்.

அடுத்தவர் கையில் கொடுப்பது

தனியாகத் தொடங்க வேண்டாம். பழைய வழிகாட்டியின் பின்னால் சில நாள் நடந்து கேளுங்கள். பிறகு நீங்கள் பேச, அவர் பின்னால் வரட்டும். அவர் சொல்வதிலும் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். குழுவின் முன் திருத்தாமல் டீ குடிக்கும்போது கேளுங்கள்: "அண்ணே, இதை எங்க படிச்சீங்க?" பதில் புத்தகமாக இருந்தால் இரண்டாம் பகுதியிலும், "எங்க பழைய சார் சொன்னார்" என்றால் மூன்றாம் பகுதியிலும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியில் தேதியும் சொன்னவர் என்ன வேலை பார்த்தவர் என்பதும் இருக்கட்டும். ஓய்வு பெறப் போகிறவர் யாராவது இருந்தால், அவர் விடைபெறும் வாரத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அவருக்கு மாலையும் பிரிவுபசாரமும்தான் இருக்கும்.

ஏப்ரலில் வெயில் ஏறிக் கூட்டம் குறையும்போது, நோட்டைப் பொறுப்பாளரிடம் காட்டிப் படி எடுத்து அலுவலகத்தில் ஒன்று வையுங்கள். லேபிளில் திருத்த வேண்டியது என்று உங்களுக்குப் பட்டவற்றைத் தனித் தாளில், ஆதாரத்தோடு, பணிவாக எழுதிச் சேருங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள். அதற்குள் இந்த வேலை முடிந்தால் அந்த வார நிகழ்ச்சிக்கே பயன்படும். அசல் நோட்டு உங்களிடம் இருக்கட்டும். நீங்கள் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அலமாரியில் விட்டுப் போகாமல் அடுத்த தன்னார்வலர் கையில் கொடுங்கள், ஒரு முறை அவரோடு கூடத்தை நடந்து பார்த்த பிறகு.